மண் இல்லாத நாற்று

அத்தியாயம் 14

ஓசூரிலிருந்து கார் கிளம்பிவிட்டது என்ற செய்தி வந்தபோது அம்சம் மொட்டை மாடியில் மிளகாய் நாற்றுகளிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தாள். நாற்றுகள் பதில் சொல்லவில்லை. மஞ்சளாக நின்றன.

மகன் நெடுஞ்செழியன் செய்தியைத் தங்கைக்குத்தான் அனுப்பியிருந்தான். தங்கை எழில்மொழி முற்றத்தில் நின்றபடியே அதைச் சத்தமாகப் படித்தாள். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவானாம். அம்மாவின் பெட்டி தயாராக இருக்கட்டுமாம்.

பெட்டி போன மாதத்திலிருந்தே தயாராக இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் ஒரே குறை.

இந்தத் தொடர்கதை வண்டியில் நடுவழியில் ஏறுகிறவர்களுக்கு, அது இதுவரை நின்று வந்த ஊர்களைச் சொல்லிவிடுவோம். வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டியின் வாய்க்கால் ஒன்று வளைந்து போகும் இடத்தில் சாமிதுரையின் வீடு. அவர் மனைவி அம்சம் சிறுபெண்ணாக இருக்கும்போதே நடவுக்கு இறங்கியவள். பல காலம் பிறர் வயலில் நட்டாள். பிறகு இருவரும் சேர்ந்து வாங்கிய ஓர் ஏக்கரில் நட்டாள். சேறு அவள் பாதத்தில் புண்ணாகத் தங்கியது. சர்க்கரையும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டதும், புண் ஆறுகிற பேச்சையே விட்டுவிட்டது. இனிமேல் சேற்றில் கால் வைக்கவே கூடாது என்றார் கும்பகோணத்து டாக்டர்.

உடனே குடும்பம் கூடியது. கூடினால் எதையாவது முடிவு செய்யாமல் கலையாத குடும்பம் அது. அம்சம் ஓசூருக்குப் போய் மகனோடு இருப்பது என்று முடிவானது. மருமகள் மதிவதனி வேலைக்குப் போகிறவள். மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அம்சம் போனால் காலும் ஆறும், குழந்தைக்கும் ஆள் ஆச்சு. எல்லாருக்கும் வசதி. அம்சத்துக்கு வசதியா என்று மட்டும் கேட்க நேரம் இருக்கவில்லை, சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

அம்சம் அப்போது சாப்பாட்டைப் பரிமாறினாள். மறுநாள் சொன்னாள். சேற்றில் இறங்காமலே இங்கே நாற்று வளர்க்கப் போகிறாளாம். தேங்காய் மட்டையில் நாரைப் பிரித்த பிறகு மிஞ்சும் தூளில், மண்ணே இல்லாமல். மகளிர் குழுவில் ஒருமுறை அதற்குப் பயிற்சி நடந்தது. மற்றவர்கள் புளிசாதம் தருகிறார்கள் என்று போனார்கள். அம்சம் மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்படி ஏற்பட்டதுதான் ஒப்பந்தம். நாற்று பிழைத்து, பிடுங்கி நடும் பதத்துக்கு வந்தால் அம்சம் இங்கே. செத்தால் ஓசூர்.

முதல் தட்டு செத்தது. இது இரண்டாவது தட்டு நாற்று.

சாமிதுரைக்கு இந்த விஷயத்தில் கருத்து உண்டு. டீக்கடையில் அதைப் பலமுறை வெளியிட்டிருக்கிறார். "மண்ணு வாங்கவே எங்க வம்சத்துக்கு மூணு தலைமுறை ஆச்சு. இவ என்னடான்னா மண்ணே வேணாங்கறா." அந்தக் குப்பை மாடியில் இருக்கும்வரை தன் கால் மாடிப்படியை மிதிக்காது என்றும் சொல்லியிருந்தார். ஊரே அதற்குச் சாட்சி.

தூளைத் தயார்செய்வதுதான் அம்சத்துக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த வேலை. செங்கல் மாதிரி அழுத்திய கட்டியாக அது வரும். அகன்ற தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரத்தில் ஒரு கீறல் விழும். தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல ஒரு பக்கம் மெல்லச் சரியும். வெயில் ஏறுவதற்குள் தொட்டி முழுக்கப் பொங்கி, விளிம்புக்கு மேலே எட்டிப் பார்க்கும். மழை பெய்த காட்டின் வாசனை வரும். அம்சம் காட்டைப் பார்த்ததில்லை. இருந்தாலும் இது அந்த வாசனைதான் என்று அவளுக்குத் தெரியும்.

அதன்பின் அடியில் ஓட்டை போட்ட டிரம்மில் அதைக் கொட்டி, மேலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீழே டிகாஷன் நிறத்தில் வழியும். அந்த நிறத்தோடுதான் உப்பும் போகிறது. வழிவது வெறும் தண்ணீராகத் தெளிந்ததும், கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுபடி அலச வேண்டும். தூளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போக மறுக்கும் உப்பை அது கிளப்பிவிடும். உப்பை விரட்ட இன்னோர் உப்பு வர வேண்டியிருக்கிறது. வேதியியலில் இதெல்லாம் சகஜம் என்றாள், அதைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டாகப் படித்துக்கொண்டிருக்கும் எழில்மொழி.

கடைசியில் ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் நாலைந்து சொட்டு மட்டும் விழ வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். சொட்டாவிட்டால் குறைவு. அந்தப் பதத்தில் மண்புழு உரத்தைக் கலந்து, முட்டை அட்டை மாதிரி குழி குழியாக இருக்கும் கறுப்புத் தட்டில் நிரப்பி, குழிக்கு ஒரு விதை.

இத்தனையும் ஒழுங்காகச் செய்துதான் முதல் தட்டு செத்தது.

"கை ராசி இல்லாம போச்சுடி எனக்கு" என்றாள் அம்சம், மேலே வந்த மகளிடம்.

எழில்மொழிக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. பையிலிருந்து பேனா மாதிரி இருந்த உப்பு மீட்டரை எடுத்தாள். அது கல்லூரி ஆய்வகத்தைச் சேர்ந்தது. கேட்டு எடுத்துவந்தாளா, கேட்காமலா என்பது இந்தத் தொடரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஒரு குழியிலிருந்து கொஞ்சம் தூளைக் கிள்ளி, தம்ளர் தண்ணீரில் கலக்கி, மீட்டரை முக்கினாள். எண் ஏறியது. நிற்கும் என்று பார்த்தாள். ஏறிக்கொண்டே போனது.

இது செடிக்கான தூள் இல்லை, ஊறுகாய்க்கானது என்றாள் எழில்மொழி. அலசிய அன்று அளந்தபோது உப்பே இல்லை. இப்போது எங்கிருந்து வந்தது? கடற்கரைப் பக்கத்து மட்டை, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பார்கள், உள்ளே ஒளிந்திருந்து மெல்ல வருகிறது என்று முடிவுகட்டினாள். தூள் விற்ற அப்துல் வஹாபுக்குப் போன் போட்டு, மரியாதை குறையாமல் ஏமாற்றுக்காரர் என்றாள்.

அப்துல் வஹாபுக்கு முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு மட்டைக் கொட்டகை. மன்னார்குடிவரை சரக்கு கொண்டுவந்திருந்தவர், தன் 'சின்ன யானை' மினி லாரியை நேராக இங்கே திருப்பிவிட்டார். கோபத்தில் வந்ததால் செருப்பைக்கூடச் சரியாக விடவில்லை. படியேறும்போது பெயர்ந்திருந்த மூன்றாவது படியில் தடுக்கி, கோபம் இன்னும் கொஞ்சம் கூடியது.

மீட்டரை அவர் பார்க்கவே இல்லை. மூலையில் இருந்த உடைக்காத கட்டியிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். பிரியாணிக்கு உப்பு பார்க்கும் சமையல்காரப் பண்டாரி போல முகத்தை வானத்துக்குத் தூக்கினார். துப்பினார். பிறகு தட்டிலிருந்து ஒரு துணுக்கு. இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டார்.

"தூளு என்னோடதுதாங்கக்கா. உப்பு என்னோடது இல்ல."

அம்சம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நனைத்த சாக்கின்மேல் அது எப்போதும் இருக்கும் இடத்தில் இருந்தது. தினமும் மேலே தண்ணீர் தெளிக்கிறாள். தட்டைத் தூக்கிப் பார்க்க ஒருநாளும் தோன்றியதில்லை. தூங்குகிற குழந்தையை யார் கவிழ்த்துப் பார்ப்பார்கள்?

இப்போது தூக்கினாள். தலைக்கு மேலே, வெயிலுக்கு எதிரே பிடித்தாள்.

வெளிச்சம் வரவில்லை. குழிக்கு ஓர் ஓட்டை இருக்க வேண்டிய அடிப்பக்கம் முழுக்க, கறுப்புக் களிமண் உருண்டைகள். ஒன்று விடாமல் அடைத்திருந்தது. ஒவ்வொன்றும் கட்டைவிரலால் அழுத்தி, ஓரத்தை ஒரே இழுப்பில் வழித்துவிட்டிருந்தது. வரிசை பிசகவில்லை.



"வேல சுத்தமா இருக்கு" என்றார் அப்துல் வஹாப்.

அந்தக் கையை அம்சத்துக்குத் தெரியும். வரப்பில் நண்டு வளையைப் பார்த்தால் அடைக்காமல் அந்தக் கையால் தாண்ட முடியாது. கல்யாணமான புதிதில், திருவாரூர் தேருக்குப் போகிற வழியில், யாரோ ஒருவருடைய வயலில் இறங்கி, யாரோ ஒருவருடைய வளையை அடைத்துவிட்டு வந்த கை.

எழில்மொழிக்கும் புரிந்துவிட்டது. அவளுக்குக் கோபம் நிதானமாகத்தான் வரும். வந்தால் விளக்கத்தோடு வரும். ஓட்டை அடைபட்டதால் தண்ணீர் கீழே இறங்கவில்லை, வேருக்கு மூச்சில்லை. போர்வெல் தண்ணீரிலும் உரத்திலும் இருக்கும் கொஞ்சம் உப்பு தினமும் உள்ளேயே தங்கிவிட்டது. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை வைத்துவிட்டுப் போனது. ஆக, அப்பா இதைத் திட்டம் போட்டுக் கொன்றிருக்கிறார் என்று முடித்தாள்.

அப்துல் வஹாப் போவதற்கு முன் வழி சொல்லிவிட்டுப் போனார். அடைப்பை எடுத்துவிட்டு, வாய்க்கால் தண்ணீரை மேலிருந்து விட்டு, தெளிந்து வரும்வரை அலச வேண்டும். நிழலில் வைக்க வேண்டும். உரம் கூடாது. பிழைக்குமா என்று கேட்டதற்கு, அதைச் செடியிடம்தான் கேட்க வேண்டும் என்றார். இரண்டு தம்ளர் மோர் குடித்ததில் ஏமாற்றுக்காரர் என்ற சொல்லையும் சேர்த்து விழுங்கிவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குச் சாமிதுரை வயலிலிருந்து வந்தார். மாடியிலிருந்து அம்சம் கூப்பிட்டாள். அவர் வாசலில் நின்று, தான் மாடிக்கு வருவதில்லை என்பதை அக்கம்பக்கத்துக்கும் கேட்கும்படி நினைவூட்டினார். சும்மா ஏறி வாங்க என்றாள்.

ஏறி வந்தார். மூன்றாவது படியைப் பார்க்காமலே தாண்டி வந்தார்.

கவிழ்த்து வைத்திருந்த தட்டையும் பார்த்தார். முகத்தில் குற்றம் எதுவும் தெரியவில்லை. தன் வயலைப் பிறர் பார்க்க வரும்போது இருக்கும் முகம் அது.

"ஏங்க அடைச்சீங்க?" என்றாள் அம்சம்.

"ஒழுவிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு ரெண்டுன்னா விட்டிருப்பேன். பாத்தா அத்தனையும் ஓட்ட. ஓட்டத் தட்டாப் பாத்துத் தலையில கட்டிட்டானுவன்னு நெனச்சேன்."

ஓட்டை இருப்பதுதான் அந்தத் தட்டு என்று எழில்மொழி சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கினார். ஆனால் அந்த வாக்கியம் உள்ளே போய் உட்கார இடம் கிடைக்காமல் நின்றது. தண்ணீர் நிற்காத நாற்றங்காலை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, முறை வந்து, மடை வந்து சேர்கிற தண்ணீர். அதை அடியில் ஓட்டை போட்டு விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஒரு மத்தியான வெயிலில் திடீரென்று நம்ப முடியுமா?

"மொதத் தட்டுக்கும் நீங்கதானா?"

"அதுக்கும்தான். மத்தியானம் நீ கண்ணசர்ற நேரத்துல." கொஞ்சம் பெருமையோடு சேர்த்துக்கொண்டார்: "நம்ம வயக் களிதான். கீழண்ட மூலையில எடுத்தது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"எப்புடிச் சொல்றது? மாடிக்கே வரமாட்டேன்னு சொல்லிப்புட்டேனே."

எழில்மொழி மீட்டரைப் பைக்குள் வைத்தாள். அவள் தண்ணீர்க் குடம் எடுக்கக் கீழே போனாள். அவள் போகும்வரை இருந்துவிட்டு, சாமிதுரை வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசியது வாய்க்காலிடம்தான்.

"அது செத்தா நீ போயிருவல்ல."

அம்சம் துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்குச்சிகளை உருவி, ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திக் களியை எடுத்தார்கள். ஆடிக் காற்று மெதுவாக வீசியது. எதிர் வயலில் குறுவை நடவு. பெண்களின் பேச்சு தண்ணீரில் நனைந்து வருவதுபோல் குழைந்து வந்தது. யார் என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. புரிய வேண்டும் என்றும் இல்லை. அம்சத்துக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு நிலை. வயல் தரையை விட்டுக் கிளம்பி, மாடி உயரத்தில், அடியில் ஒன்றும் இல்லாமல் மிதந்து வருவதுபோல் இருந்தது. அதில் அவள் கால் நனையாமல் நடந்தாள்.

பிறகு அலசல். தட்டை இரண்டு செங்கல் வரிசைமேல் தூக்கி வைத்தார்கள். சாமிதுரை வாய்க்காலில் மொண்டு குடம் குடமாக மாடிக்குத் தூக்கி வந்தார். ஊர் பார்த்தது. அவர் ஊரைப் பார்க்கவில்லை. அம்சம் பூவாளியால் ஊற்ற ஊற்ற, தட்டின் அடியிலிருந்து அத்தனை ஓட்டையும் ஒன்றாகச் சொட்டியது. அந்தத் தட்டுக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன மழை. பழுப்பு மழை. மாடிச் சரிவில் ஓடி, தூம்பு வழியாக முற்றத்துக்கு இறங்கி, வாழை மூட்டில் போய் முடிந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்பது சாமிதுரைக்கு எவ்வளவு கஷ்டம் என்று அம்சத்துக்குத் தெரியும். ஒவ்வொரு சொட்டுக்கும் அவர் முகம் ஒரு தரம் சுருங்கி விரிந்தது. கட்டைவிரல் தானாக நிமிர்ந்தது. அவள் பூவாளியை அவர் கையில் கொடுத்தாள். ரெண்டு கையாலும் பிடிங்க என்றாள்.

பொழுது சாய்கையில் எழில்மொழி அடியில் தம்ளரைப் பிடித்து அளந்தாள். எண் நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் இலைகள் காலையில் இருந்த அதே மஞ்சள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றிரண்டில் குருத்து பச்சையாக இருப்பதுபோல் சாமிதுரைக்குத் தெரிந்தது. எழில்மொழிக்குத் தெரியவில்லை. எப்படியும் ஒரு வாரம் போகாமல் சொல்ல முடியாது என்றாள்.

ஒரு வாரம் யாரிடமும் இல்லை. வாசலில் கார் வந்து நின்றது.

நெடுஞ்செழியன் மூன்றாவது படியில் தடுக்கி மேலே வந்தான். நல்ல பிள்ளை. அம்மாவின் காலைத்தான் முதலில் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான். அதற்குள் எழில்மொழி மீட்டரும் கையுமாக நடந்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். அவன் அப்பாவை ஒருமுறை பார்த்தான். சிரிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

எல்லாம் சரி, நாற்று பச்சையாக இல்லையே என்றான். பேசியது பேசியதுதானே என்றான். காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் திருச்சியைத் தாண்டிவிடலாம் என்றான்.

"உங்கம்மா வரல" என்றார் சாமிதுரை. கையில் குடம் இருந்தது.

"அத நான் சொல்லிக்கிறேன்" என்றாள் அம்சம்.

சாமிதுரை ஓர் அடி பின்வாங்கினார். அம்சம் கையைப் புடவையில் துடைத்தாள். காலையிலிருந்து செடியிடமும், தூளிடமும், களிமண்ணிடமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் தன் வாயிலேயே இருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது.

"இது பொழச்சாலும் நான் வரலப்பா. செத்தாலும் வரல."

நெடுஞ்செழியன் அம்மாவையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குக் கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் இதுவரை வராத ஒரு கணக்கைப் பார்த்த முகம்தான் இருந்தது. குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, மதி எப்படி வேலைக்குப் போவாள் என்று தொடங்கினான். பாதியில் நிறுத்திவிட்டு, சுவருக்கு வெளியே கையைக் காட்டினான்.

"மதியும் வந்திருக்காம்மா. கீழ வண்டியிலதான் இருக்கா. அவகிட்ட நீங்களே சொல்லிருங்க."

மருமகள் வந்திருப்பது யாருக்கும் தெரியாது. வந்தவள் ஏன் இறங்கவில்லை என்பதும் தெரியாது. அம்சம் படியிறங்கினாள். ஓசூரே போகாமல் ஓசூருக்குப் பயப்பட வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

காரின் பின்சீட்டில் மதிவதனி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி இறங்கியது.

"மேல என்ன அத்த சொன்னீங்க?"

"வரலன்னு சொல்லிட்டேன்மா. தப்பா எடுத்துக்காத. ஒனக்குச் சிரமந்தான், எனக்குத் தெரியுது."

மதிவதனி மாடியைப் பார்த்தாள். சாயங்கால வெளிச்சத்தில் அங்கே மூன்று தலைகள் தெரிந்தன. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு அத்த. நான் வேலய விட்டு ஒரு மாசம் ஆச்சு. அவருக்கு இன்னும் தெரியாது."

அம்சத்துக்கு முதலில் விளங்கவில்லை. தினமும் காலையில் கைப்பையோடு கிளம்புகிறாளே, மகன் போனில் சொல்வானே என்று கேட்டாள்.

"கெளம்புறேன். எங்க போறேன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டா சொல்லிருவேன்."

சொல்லும்போது மதிவதனியின் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. குழந்தைமேல் கண்ணீர் சொட்டாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்சம் மாடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டில் இருந்த பையை ஓரம் தள்ளினாள். குழந்தையின் காலைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டு, உள்ளே ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினாள். சொல்லு என்றாள். கண்ணாடி மறுபடி ஏறியது.

அந்தச் சத்தம் மாடிவரை கேட்டது. நெடுஞ்செழியன் எட்டிப் பார்த்தான். அம்மா மனசு மாறிவிட்டாள் என்று அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

சாமிதுரையும் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தபடியே குடத்தைக் கீழே வைத்தார்.